பாயிண்டுக்குப் போகும் வண்டி

திருச்செங்கோட்டில் 'பையன் ரிக்குக்குப் போயிருக்கான்' என்று சொன்னால், எந்த ஊருக்கு என்று மேற்கொண்டு கேட்டுப் பயனில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று மாநிலத்தைச் சொல்வார்கள். ஊர் நாளுக்கு நாள் மாறும். தண்ணீர் கிடைக்காத இடம்தான் ஆழ்துளைக் கிணறு போடுகிறவனுக்கு வேலை கிடைக்கும் இடம். மழைக்காலத்தில் பழுது பார்க்கத் திரும்பிவந்து பட்டறைகளில் நிற்கும் ரிக் வண்டிகளைச் சுற்றிப் பார்த்தால் தொழிலின் தன்மை விளங்கும். கேபினுக்கு மேலே படுத்திருக்கும் இரும்புக் கோபுரம், வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கிகள், துணைக்குப் போகும் லாரியில் ராடுகளும் கேசிங் பைப்புகளும் சமையல் பாத்திரங்களும். தார்ச்சாலைக்கென்று செய்த சேஸிஸின் மேல், தார்ச்சாலை முடிந்த பிறகு தொடங்கும் ஒரு வேலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆள் எடுக்கும்போது கேட்பதோ ஹெவி லைசென்ஸ் ஒன்றைத்தான். அது போதாது என்பது என் கட்சி.

லைசென்ஸைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 18 வயதில் இலகு ரக வாகன உரிமம் வாங்கலாம். போக்குவரத்து வாகனம் ஓட்ட 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 20 வயது ஆகவேண்டும். இலகு ரக உரிமம் கைக்கு வந்து ஓராண்டாவது கழிந்திருக்கவேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையை 2019-இல் எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. 7,500 கிலோவுக்கு மிகாத மொத்த எடையுள்ள சரக்கு வண்டியை இலகு ரக உரிமத்தோடே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்தது. ஆகவே சின்ன வண்டியில் கை பழகிவிட்டுத்தான் பலர் பெரிய வண்டிக்கு வருகிறார்கள். ஒரு வேடிக்கை: மத்திய அரசின் வகைப்பாட்டில் ரிக் பொருத்திய வண்டி, காரோடு சேர்ந்து 'போக்குவரத்து அல்லாத வாகனம்' என்ற பட்டியலில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணுக்கு அது எங்கும் போவதில்லை போலும்.

ஆனால் அது போகிறது; உழுத காட்டுக்குள், வரப்பு ஏறி, பெரும்பாலும் இருட்டில். தேர்வு மைதானத்தில் தரை கெட்டியாக இருக்கும். பாயிண்டில், அதாவது துளை போடும் இடத்தில், மேல்மண் காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கலாம். ஒரு பக்கச் சக்கரம் இறங்கினால், மேல்பாரம் மிகுந்த வண்டி அந்தப் பக்கமே சாயும். கிராமத்துச் சந்தில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிக்கும் படுத்திருக்கும் கோபுரத்துக்கும் இடையே எத்தனை அடி என்று கண்ணாலேயே அளக்கவேண்டும். கோபுரத்தை நிமிர்த்தும்போது கம்பி பட்டால் வண்டியைத் தொட்டுக்கொண்டு நிற்பவர்களும் தப்புவது அரிது. ஏஜென்ட் காட்டிய பாயிண்டுக்கு வண்டி போகாது என்று சொல்லத் தெரிவதும் இந்த வேலையின் பகுதிதான். நிலத்துக்காரர் காத்திருக்க, வாடகை ஓடிக்கொண்டிருக்க, 21 வயதுப் பையன் அதைச் சொல்வானா? ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்ததற்குத்தான் அவனிடம் சான்று இருக்கிறது. மறுப்பதற்கு வேண்டிய அதிகாரத்தை யாரும் எழுதித் தரவில்லை.

'அந்தக் காலத்தில் எவன் பயிற்சிக்குப் போனான், ஓட்டி ஓட்டித்தானே பழகினோம்' என்பார்கள் மூத்த ஓட்டுநர்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அவர்கள் கிளீனராக ஏறி, வருடக்கணக்கில் இடப்பக்கம் உட்கார்ந்து, திட்டு வாங்கிக்கொண்டே கற்றவர்கள். பாடம் நடந்தது அந்த இருக்கையில். இன்று சரக்கு லாரிகள் பலவற்றில் செலவைக் குறைக்க முதலில் காலியானது அந்த இருக்கைதான். தேசிய அனுமதி பெற்ற கனரக லாரிக்கு இரண்டு ஓட்டுநர் கட்டாயம் என்ற விதியும் 2018-இல் தளர்ந்தது. பழைய முறை போதும் என்பவர்கள் அந்த முறையே இப்போது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முதலாளிகள் சொல்வது வேறு: பழக்கிவிட்டால் அடுத்த வண்டிக்காரர் கூடக் கொடுத்துக் கூட்டிப்போய்விடுவார். நியாயமான பயம். அதற்காகப் பழகாதவன் கையில் வண்டியைக் கொடுப்பது, ஆள் போய்விடுவானே என்று வண்டியையே பணயம் வைப்பதாகும். ஒரு சீசன் மூத்த ஓட்டுநரோடு சம்பளத்துடன் அனுப்பலாம். அதற்கு ஆகும் செலவு, கவிழ்ந்த ரிக் ஒன்றைத் தூக்கி நிறுத்தும் செலவுக்கு எட்டாது. சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்கவும் முடியாது. 2025 வரை நடப்பில் இருந்த, 8 மணி நேர வேலையை வரையறுத்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஐந்து பேருக்குக் குறைவாக வேலை பார்த்த நிறுவனங்களைத் தானாகக் கட்டுப்படுத்தவில்லை.

ரிக்கில் மட்டும் ஆள் பழக்க ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது: இங்கே ஓட்டுநர் தனியாகப் போவதில்லை, குழுவே போகிறது. அந்தக் குழுவில் இப்போது சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பையன்கள் நிறைய; நாளைக்கு ஹெவி லைசென்ஸ் எடுக்கப்போகிறவர்களும் அவர்களில் உண்டு. இருட்டில் வண்டி பின்னால் வரும்போது வரப்போரம் டார்ச்சோடு நிற்பவன் அப்படி ஒரு பையன்தான். அவன் முதலில் கற்கும் தமிழ் 'வரட்டும், வரட்டும்', 'ஹோல்டான்'.