ஹாடிங்டன்: சந்தை வரைந்த ஊர்

எடின்பரோ நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தொலைவில், டைன் ஆற்றின் வளைவில் அமைந்துள்ள ஹாடிங்டன், ஸ்காட்லாந்தின் பழைய சந்தை ஊர்களுள் தன் இடைக்கால வடிவை இன்றும் தெருக்களிலேயே காட்டி நிற்பது. மேற்கிலிருந்து கோர்ட் தெரு வழியாக வரும் பயணி, ஓரிடத்தில் சாலை ஹை ஸ்ட்ரீட் என்றும் மார்க்கெட் ஸ்ட்ரீட் என்றும் இரண்டாகப் பிரிவதையும், அவற்றுக்கு நடுவே வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்பதையும் காண்பார். அந்த நடுப்பகுதி முழுவதும் ஒரு காலத்தில் முக்கோண வடிவிலான திறந்த சந்தைத் திடலாக இருந்தது. நாள்தோறும் பிரித்துக் கட்டப்பட்ட தட்டிக்கடைகள் நாளடைவில் நிலைபெற்று, கல் வீடுகளாக மாறித் திடலை நிரப்பிவிட்டன. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் மன்னர் இவ்வூரை அரச பர்க் ஆக்கினார். பர்க் என்பது சந்தை கூட்டவும் வணிகம் செய்யவும் அரசரிடம் தனியுரிமை பெற்ற ஊர். வீடுகளின் பின்னே நீண்டு ஒடுங்கிச் செல்லும் மனைத்துண்டுகளுக்கு ரிக் என்று பெயர்; அந்தப் பழைய அளவுகள் இன்றும் சுவர்களின் வரிசையில் தெரிகின்றன.

இங்கிலாந்திலிருந்து எடின்பரோவுக்குப் படைகள் வரும் வழியில் அமைந்ததே ஹாடிங்டனின் துயரம். 1216இல் ஜான் மன்னரின் படையும், 1356இல் மூன்றாம் எட்வர்டின் படையும் ஊரை எரித்தன. இத்தனைக்கும் இடையில், வில்லியம் வாலஸும் ஆண்ட்ரூ மரேயும் ஸ்டர்லிங் பாலப் போரில் ஆங்கிலேயரை வென்ற ஒரே மாதத்தில், 1297 அக்டோபர் 11 அன்று, ஜெர்மானியத் துறைமுகங்களான லூபெக், ஹாம்பர்க் ஆகியவற்றின் வணிகர்களுக்கு, ஸ்காட்லாந்து மீட்கப்பட்டுவிட்டது, இனி அச்சமின்றி வணிகம் செய்ய வரலாம் என்று எழுதிய கடிதம் இவ்வூரிலிருந்தே சென்றது. போர்வீரர்களாகவே நினைவுகூரப்படும் இருவர், வெற்றிக்குப் பின் வணிகத்தை மறவாதிருந்தமைக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஊரின் உள்ளம் என்று சொல்லத்தக்கது, ஆற்றங்கரையில் நிற்கும் புனித மரியாள் ஆலயம். 1356இன் அழிவுக்குப் பின் அந்நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிக் கட்டப்பட்ட இதன் நீளம் 206 அடி; ஸ்காட்லாந்தின் பங்கு ஆலயங்களுள் இதுவே மிக நீளமானது. குழந்தை அரசி மேரியைத் தங்கள் இளவரசருக்கு மணமுடிக்க ஆங்கிலேயர் தொடுத்த போரில், 1548இல் அவர்களது படை ஹாடிங்டனைக் கைப்பற்றி அரண் அமைக்க, ஸ்காட்லாந்துப் படையும் பிரெஞ்சுப் படையும் அதை முற்றுகையிட்டன. ஊருக்கு வெளியே இருந்த கன்னியர் மடத்தில் 1548 ஜூலை 7 அன்று கூடிய ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், மேரியைப் பிரெஞ்சு இளவரசருக்கு நிச்சயிக்க இசைந்தது; பீரங்கி ஒலி கேட்கும் தொலைவில் ஐந்து வயதுச் சிறுமியின் வாழ்க்கை முடிவு செய்யப்பட்டது. அம்முற்றுகையில் ஆலயம் சிதைந்தது. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் மக்கள் மேற்குப் பகுதியை மட்டும் செப்பனிட்டு வழிபட்டனர். பாடகர் குழுவுக்குரிய கிழக்குப் பகுதி நான்கு நூற்றாண்டுகள் கூரையின்றிக் கிடந்தது. அச்சீர்திருத்தத்தை முன்னின்று நடத்திய ஜான் நாக்ஸும் இவ்வூரில் பிறந்தவர் என்றே மரபு கூறுகிறது.

பின்னாளில் ஊரை வளர்த்தது தானியம். சுற்றியுள்ள செழிப்பான வயல்களின் கோதுமையும் வாற்கோதுமையும் இங்கே விலைபோயின. 1854இல் அதற்கெனத் தானியக் கூடம் எழுந்தது. அருகிலுள்ள யெஸ்டர் பண்ணைகளில் நிலத்தடி வடிகால் அமைத்து வேளாண்மையைச் சீர்திருத்திய எட்டாம் ட்வீடேல் பிரபு, 1842 முதல் 1848 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராகவும் இருந்தவர். கோர்ட் தெருவில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு.

ஆலயத்தின் சிதைந்த பகுதி 1970களின் தொடக்கத்தில் புதுப்பிக்கப்பட்டது. மேல்வளைவுகளுக்குக் கல்லுக்கு மாற்றாகக் கண்ணாடியிழை பயன்பட்டது. பழைய சுவர்கள் தாங்கக்கூடிய எடையை எண்ணிப்பார்த்தால் அது சரியான முடிவே. இங்கே 1801இல் பிறந்த ஜேன் வெல்ஷ், எழுத்தாளர் தாமஸ் கார்லைலின் மனைவியாக இலண்டனில் வாழ்ந்து 1866இல் மறைந்தபின், தந்தையின் அருகில் அடக்கம் செய்யப்பட்டது இப்பகுதியில்தான். அன்று வானம் பார்த்துக் கிடந்த அக்கல்லறையின் மேல் இன்று மழை விழுவதில்லை.