இந்த வருஷம் நான் ஏன் காப்பு கட்டலை

 

போன வாரம் திருவிழாக் கூட்டத்துல தீக்குழிப் பொறுப்புக்கு வழக்கம்போல என் பேரை எழுதப் போனாங்க. "இந்த வருஷம் வேண்டாம், நான் காப்பு கட்டலை"ன்னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரியே பத்துப் பேர் போன் பண்ணிட்டாங்க. உடம்புக்கு என்னன்னு கேட்டவங்களும் உண்டு, நிர்வாகத்தோட மனத்தாங்கலான்னு கேட்டவங்களும் உண்டு. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்குப் பதிலா இங்கேயே எழுதிடறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

உடம்பு நல்லாத்தான் இருக்கு. யாரோடயும் சண்டை இல்லை. நான் சைக்கிள் ஓட்டப் போறேன், ஆல்ப்ஸ் மலைக்கு.

சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம், என் வீட்டுல மூணு நாள் சிரிச்சாங்க. ஒரு அண்ணன் மட்டும், "அம்மனை விட்டுட்டு வெள்ளைக்காரன் ஊர்ல சைக்கிள் சுத்துற வயசா இது?"ன்னு கேட்டார். அவர் கேட்டதுல தப்பில்லை. 19 வருஷமா ஆடி மாசம் நான் எங்கேயும் போனதில்லை. எங்க தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கே போகலை. அந்த அண்ணனுக்காகத்தான் முக்கியமா இதை எழுதறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க பெரிய பொண்ணுக்கு ஜெர்மனியில, மியூனிக்ல, வேலை கிடைச்சது. இஞ்சினியர். நான் அப்போ ஒரு நல்ல இடத்துல மாப்பிள்ளை பேசி வெச்சிருந்தேன், அடுத்த வாரம் பெண் பார்க்க வர்றதா இருந்தாங்க. அவ, "எனக்கு இப்ப வேண்டாம்ப்பா"ன்னா. நான் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன், அதை இங்க எழுத மாட்டேன். அவ ஃப்ளைட் தீமிதிக்கு முதல் நாள் ராத்திரி. அம்மாவும் தம்பியும் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டாங்க. அவ கோவிலுக்கே வந்து என் முன்னாடி நின்னு, "நீங்க வரலையாப்பா?"ன்னு கேட்டா. நான் கையைத் தூக்கி மஞ்சள் கயித்தைக் காட்டினேன். "காப்பு கட்டியிருக்கேன், எல்லை தாண்டக் கூடாது."

உண்மைதான். காப்பு கட்டினவங்க திருவிழா முடியற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதுங்கிறது நம்ம பெரியவங்க வெச்ச வழக்கம். அதுல பொய் ஒண்ணும் இல்லை. ஆனா அன்னைக்கு நான் அந்தக் கயித்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். ஆத்தாளுக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும்.

அதுக்கப்புறம் அவ அம்மாவோட பேசுவா. போன் என் கைக்கு வந்தா, "சாப்பிட்டீங்களாப்பா? நல்லா இருக்கீங்களா?" அவ்வளவுதான்.

இந்த வருஷம் பொங்கலுக்கு மறுநாள் ஒரு மெசேஜ் வந்தது. ஒரு மலைப் படம், கம்பியில தொங்கிப் போற நாற்காலி, அதுல ஒரு சைக்கிள் மாட்டியிருக்கு. கீழ எழுதியிருந்தா: "அப்பா, இங்க ஏத்தம் மிதிக்க வேண்டாம். லிஃப்டே மேல கொண்டு போய் விட்டுடும். இறங்க மட்டும் வந்தா போதும். எனக்கு ஜூலை கடைசியில லீவு. வரீங்களா?"

அவளுக்கு மலை சைக்கிள் கத்துக் கொடுத்தவன் நான். 14 வயசுல புக்கிட் கியாரா காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனேன். எனக்கு யாரும் கத்துக் கொடுக்கலை. காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்துல எங்கப்பா பால் வாளி ரெண்டையும் பின்னாடி கட்டிக்கிட்டு செம்மண் மேட்டுல இறங்குவார், ஒரு சொட்டு சிந்தாது. அதைப் பார்த்து வளர்ந்த கண்ணு. புக்கிட் கியாராவுல முக்கால் மணி நேரம் மூச்சு வாங்க ஏறினாத்தான் பத்து நிமிஷம் இறங்கலாம். 50 வயசுக்கு மேல முழங்கால் வேண்டாம்னு சொல்லிடுச்சு, சைக்கிளை ஸ்டோர்ல ஏத்திட்டேன். அது அவளுக்குத் தெரியும். அதான் "இறங்க மட்டும்"னு எழுதியிருக்கா.

"வரேன்"னு பதில் போடறதுக்கு முன்னாடி காலண்டரைப் பார்த்தேன். ஆடி.

மாத்த முடியுமான்னு கேட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்க இருக்கிறவங்க முதல்ல லீவு எடுத்துட்டாங்களாம், இவளுக்குக் கிடைச்சது அந்த ரெண்டு வாரம்தான். மலைக்கும் கணக்கு உண்டு. பனிச்சறுக்குக்குக் கட்டின லிஃப்டைக் கோடையில சைக்கிளுக்குத் திறந்து விடறாங்க, ஜூன் நடுவுல இருந்து செப்டம்பர் ஆரம்பம் வரைக்கும்தான். அப்புறம் மூடிடுவாங்க.

குருக்கள் ஐயாகிட்ட போய் நின்னேன். அவர் ரொம்ப யோசிக்கலை. "கட்டிட்டுப் போனாத்தான் தப்பு. கட்டாம போறவன் அவகிட்ட சொல்லிட்டுப் போகணும், அவ்வளவுதான்"னார். சொல்லிட்டேன். எவ்வளவு நேரம் நின்னு சொன்னேன்னு உள்ள விளக்குத் துடைச்சுக்கிட்டிருந்த அக்காவுக்குத் தெரியும்.

இனி பயண விஷயம். நம்ம இளைஞர்கள் சிலர் கேட்டிருந்தாங்க, அவங்களுக்கும் உதவும்.

போற இடம் மோர்சின். பிரான்ஸ்ல இருக்கு, ஆனா பக்கத்து ஏர்போர்ட் சுவிட்சர்லாந்தோட ஜெனீவா. அங்கிருந்து கார்ல ஒண்ணேகால் மணி நேரம். மோர்சின், லே ஜே, அவோரியாஸ், ஷாத்தெல்னு 12 மலை ஊர்களைச் சேர்த்து அந்த வட்டாரத்துக்கே போர்ட் து சொலெய்னு பேரு. சூரியனோட வாசல்னு அர்த்தமாம். பேரைக் கேட்டதும் எனக்கு மனசு சமாதானம் ஆயிடுச்சு. ஒரே டிக்கெட்ல லிஃப்ட் மாறி மாறி காலையில பிரான்ஸ்ல இருந்து கிளம்பி மத்தியானம் சுவிஸ்ல சாப்பிடலாம். நம்ம மலேசியா பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரைக்கும் விசா வேண்டாம்.

ஃபேக்டரியில புது மெஷின் வந்தா ஹைராக் எழுதுவோம். என்ன ஆபத்து, எவ்வளவு பெரிசு, எப்படிக் குறைக்கிறது. பழக்கதோஷம், இந்தப் பயணத்துக்கும் ஒண்ணு எழுதி அவளுக்கு அனுப்பினேன். விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, திருத்தி அனுப்பினா. நாலு வருஷத்துல நாங்க முதல் தடவையா ஒரு மணி நேரம் பேசினது பிரேக் பேட் பத்தித்தான்.

ஏன்னா பிரேக்தான் பெரிய விஷயம். மோர்சின் ஊர் ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம், மேல இருக்கிற ப்ளெனே 1500. ஒரு இறக்கமே 500 மீட்டர், இந்த மாதிரி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இறங்கலாம். கால் வலிக்காது, கைதான் முதல்ல செத்துப் போகும். பயத்துல பிரேக்கை விடாமப் பிடிச்சுக்கிட்டே வந்தா தட்டு சூடாகி பிரேக் பிடிப்புக் குறையும், விரலும் மரத்துப் போகும். தேவையான இடத்துல அழுத்திப் பிடிச்சு, உடனே விட்டுடணும். பார்வை முன் சக்கரத்துல இருக்கக் கூடாது, பத்தடி முன்னாடி இருக்கணும். தீக்குழியில இறங்கற பிள்ளைங்ககிட்ட 19 வருஷமா நான் சொல்றதும் இதேதான்: கீழ பார்க்காதே, பால்குழியைப் பார்த்து நட.

தடத்துக்கு நிறம் வெச்சிருக்காங்க. பச்சை சுலபம், அப்புறம் நீலம், சிவப்பு, கறுப்பு. முதல் ரெண்டு நாள் பச்சையும் நீலமும் மட்டும்னு ஒப்பந்தம். சுவிஸ் பக்கம் ஷாம்பெரின்னு ஒரு இடம், 2011ல உலகச் சாம்பியன் போட்டி நடந்த செங்குத்துத் தடம் அங்க இருக்கு. அதோட பக்கத்துலயே போக மாட்டோம்னு வீட்டுல வாக்குக் கொடுத்திருக்கேன். பொண்ணு என்ன நினைச்சிருக்கான்னு தெரியாது.

சைக்கிளை இங்கிருந்து தூக்கிட்டுப் போகலை, அங்கேயே வாடகைக்கு. என் பழைய சைக்கிள் அந்த மலைக்குத் தாங்காது. முகம் முழுக்க மூடற ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் மட்டும் சொந்தமா வாங்கிட்டேன். அடுத்தவன் வேர்வையில தலையை விடறது எனக்குப் பிடிக்காது. மின்சைக்கிள் வெச்சிருக்கிறவங்க கவனிக்கணும்: அந்தப் பெரிய பேட்டரியைப் பயணிகள் விமானத்துல ஏத்த மாட்டாங்க, 160 வாட் மணிக்கு மேல போனாலே தடை.

இன்சூரன்ஸ்ல கொஞ்சம் ஏமாறத் தெரிஞ்சேன். ஏஜென்டு தம்பி, "எல்லாம் கவர் ஆகும் அங்கிள்"னு சொல்லிக் கையெழுத்துக்கு நீட்டினார். நான் மெஷின் மேனுவலையே கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிற ஆளு. பொடி எழுத்துல, மலை இறக்கச் சைக்கிளுக்குப் பணம் கிடையாதுன்னு இருந்தது. சாதாரணச் சைக்கிள் சவாரிக்கு உண்டு, லிஃப்ட்ல ஏறி இறங்கினா இல்லை. திருப்பிக் கொடுத்துட்டு, ஹெலிகாப்டர் மீட்பும் சேர்த்து எழுதித் தர்ற வேற ஒண்ணு எடுத்தேன், இன்னும் கூட வெள்ளி ஆச்சு. அவசரத்துக்கு 112, சுவிஸ் பக்கம் ஹெலிகாப்டருக்கு 144. ரெண்டையும் ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்காங்க வீட்டுல. இங்கிருந்து அவங்க கூப்பிட்டு என்ன செய்யப் போறாங்கன்னு கேட்கலை.

இன்னொரு ஆபத்து எனக்குத் தோணவே இல்லை, அவதான் சேர்த்தா. சாயங்காலம் கடைசி லிஃப்டைத் தவற விட்டா தப்பான பள்ளத்தாக்குல மாட்டிக்குவோம். மலைக்கு அந்தப் பக்கம் ரோடு சுத்திக்கிட்டுப் போகுது, டாக்ஸிக்குச் சொத்தை எழுதி வைக்கணும். கோடையில ராத்திரி ஒன்பது வரைக்கும் வெளிச்சம் இருக்கிறதால நேரம் போறதே தெரியாதாம். மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வந்தா லிஃப்டை நிறுத்திடுவாங்க. அதனால எல்லை தாண்டற நாள்ல மூணு மணிக்கு மேல அந்தப் பக்கம் இருக்கிறதில்லைன்னு எழுதிக்கிட்டோம்.

சாப்பாடு. ஆடி முழுக்க எனக்குச் சைவம், அங்கேயும் அதேதான். அந்த ஊர்ல எதுக்கெடுத்தாலும் பாலாடைக்கட்டி. சைவம்தானேன்னு நினைச்சேன், இல்லையாம். ரெப்லோஷோன், குரூயேர் மாதிரிப் பாரம்பரியக் கட்டியெல்லாம் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற உறைப்பொருள் விட்டுத்தான் செய்வாங்க. அதனால சமையலறை இருக்கிற வீடா எடுத்திருக்கோம். அரிசிக்கு அங்க பஞ்சமில்லை, ரசப்பொடியும் புளியும் பருப்பும் இங்கிருந்து போகுது. நெய், பால்கோவா கூடாது, பால் பொருளும் இறைச்சியும் வெளிநாட்டுல இருந்து விடமாட்டாங்க. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பழத்துல அஞ்சுக்கு மட்டும் சர்ட்டிபிகேட் கேட்கிறதில்லை: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, அப்புறம் நம்ம டுரியான்! டுரியானை அவங்க விட்டாலும் விமானக்காரன் விடணுமே.

தேங்காய் ஒண்ணு எடுத்துட்டுப் போறேன். நம்ம கோவில்ல பூஜைக்கு வெச்சு வாங்கின தேங்காய்.

ஆகஸ்ட் 2, மூணாம் ஞாயிறு, இங்க தீமிதி. அன்னைக்கு மட்டும் சைக்கிள் கிடையாது, அதுவும் ஹைராக்ல இருக்கு. காலையிலேயே கிளம்பி சுவிஸ் தலைநகர் பெர்னுக்குப் போறோம். அங்க 2014ல திறந்த சமயங்களின் இல்லம்னு ஒரு கட்டடம், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பௌத்தர்னு எல்லாருக்கும் ஒரே கூரைக்குக் கீழ வழிபாட்டு இடம். அதுல ஈழத் தமிழர்கள் நடத்தற ஞானலிங்கேச்சுரர் கோவில் இருக்கு, தமிழ்லயே பூஜை. அந்த யோசனையும் அவளோடதுதான். நான் கேட்கவே இல்லை, ஞாயித்துக்கிழமைக் கட்டத்துல அவளே "கோவில்"னு எழுதி அனுப்பியிருந்தா.

பொறுப்பை யாருக்குக் கொடுக்கிறதுன்னு நிர்வாகம் என்கிட்டயே கேட்டாங்க. போன மூணு வருஷமா என்கூட நின்ன ரெண்டு தம்பிமார் பார்த்துக்குவாங்க. விறகு எப்ப பத்த வைக்கணும், தணல் எந்தப் பதத்துல பரத்தணும், ஈரத் துணியோட யாரு எங்க நிக்கணும் எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கேன். ஒண்ணு மட்டும் எழுத்துல வராது, தணல் நிறத்தைப் பார்க்கிறது. அதுக்காக வர்ற ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்குக் கோவில் பின்பக்கம் சின்னதா ஒரு குழி போட்டுக் காட்டறேன். புதுசா தொண்டு செய்ய நினைக்கிறவங்களும் வரலாம். செருப்பு வெளியில, கைலி வேண்டாம், வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வாங்க.

இன்னொரு உதவி. தீமிதி அன்னைக்குச் சாயங்காலம் 6 மணிக்கு யாராவது ஒருத்தர் பால்குழி ஓரமா நின்னு போனைப் பிடிச்சுக் காட்டணும். அங்க அப்ப மத்தியானம் 12. பொண்ணும் பார்க்கணும்னு சொல்றா.