வைத்தது ஒன்று, கூப்பிடுவது ஒன்று

என் பேத்திக்கு அலர்மேல்மங்கை என்று பெயர். மருமகள் தேடித் தேடி வைத்தது. பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து சித்தூர் வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே பால்காரம்மா எட்டிப் பார்த்து, "மங்கா எலா உந்தம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதோடு தெருவுக்கு அவள் மங்கா. எதிர்வீட்டுத் தமிழ்க்காரர்களுக்கு அலமு. இப்போது பள்ளிக்கூட வேன்காரன் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கி "அலா!" என்று கத்துகிறான். "பெத்தவ என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா, மாமா?" என்பது மருமகளின் தீராத வழக்கு.

அந்தப் பெயருக்கு உரிய தாயாரையே யாரும் கேட்கவில்லையே! திருவேங்கடத்தானிடம் சரணடையும் திருவாய்மொழிப் பாசுரத்தில் நம்மாழ்வார் அவளை அலர்மேல்மங்கை என்று முழுசாகத்தான் வைத்திருக்கிறார். நம் பாட்டிமார் வாயில் முதலில் நடு ரகரம் உதிர்ந்தது, அப்புறம் மங்கையே உதிர்ந்தாள். மிஞ்சியது அலமேலு.

தெலுங்கில் கதை இன்னும் பழசு. தாள்ளபாக்கம் அன்னமாசாரியார் (1408–1503) அலமேலுமங்கா என்றே பாடிவிட்டார். பாடியதோடு போயிருந்தால் காற்றோடு போயிருக்கும். அவர் மகன் அந்தக் கீர்த்தனைகளைச் செப்பேட்டில் வெட்டவைத்தார். ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கான ஏடு. திருமலைக் கோயிலுக்குள் உண்டியலுக்கு எதிரே ஒரு சின்ன அறையில் அவை நூற்றாண்டுக் கணக்காக அடைந்து கிடந்து, போன நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. இப்போது அவற்றைப் பாடாத கச்சேரி குறைவு. பேச்சில் சுருக்கியதை அழித்துவிடலாம், செம்பில் வெட்டியதை என்ன செய்வது?

சுருக்கியவரையும் ஊர் விட்டுவைக்கவில்லை. அன்னமாசாரியார் அன்னமய்யா ஆனார். 2022-இல் மாவட்டம் பிரித்தபோது சர்க்காரும் அன்னமய்யா மாவட்டம் என்றுதான் எழுதியது. அவர் மனைவி, சுபத்ராகல்யாணம் எழுதிய திருமலம்மா, திம்மக்கா ஆகிவிட்டாள். கன்னடக்காரர்களுக்கு மலையப்பனே திம்மப்பன். பாலாஜி என்பது வேறு கணக்கு. 1843-இலிருந்து 1933 வரை கோயிலை நிர்வகித்தவர்கள் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள். அவர்கள் வழியாக வந்த பெயர் என்பார்கள். அதைச் சுருக்கம் என்று சொல்ல மாட்டேன், பூராவும் வேறே ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. இந்த வயசில் எனக்கு இதற்கெல்லாம் கோபம் வருகிறது.

அலர்மேல்மங்கைக்கு எட்டெழுத்து. எட்டெழுத்தை உட்கார்ந்து ஜபிக்கலாம்; பால் பொங்குகிறபோது அடுப்படியிலிருந்து கூப்பிட முடியாது. மருமகளே அவசரத்துக்கு "ஏய் மங்கை" என்பதை நான் கேட்டிருக்கிறேன், சொல்லவில்லை. நீளமாகப் பெயர் வைக்கும்போதே வெட்டிக்கொள்ளச் சொல்லித்தானே கொடுக்கிறோம்? திருப்பதிப் பக்கம் வீட்டுக்கு ஒரு ஸ்ரீனிவாசுலு. கடைத்தெருவில் நின்று "சீனு" என்று ஒரு குரல் கொடுங்கள், எத்தனை தலை திரும்புகிறது பாருங்கள். சுப்பிரமணியத்தை ஒரு வீட்டில் சுப்பு என்பார்கள், அடுத்த வீட்டில் மணி என்பார்கள். இரண்டு பேரும் ஒருத்தன் என்று தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

இதில் அடிமட்டம் வரை போனவர் எங்கள் பக்கத்து மதனப்பள்ளிக்காரர். 1895-இல் எட்டாவது பிள்ளையாகப் பிறந்ததால் கண்ணனை நினைத்துக் கிருஷ்ணமூர்த்தி என்று வைத்தார்கள். அடையாற்றில் தியாசபிக்காரர்கள் பையனை எடுத்துக்கொண்டு, ஆல்சையோனி என்று ஒரு பெயரைச் சூட்டி, 1910-இல் அந்தப் பெயரில் புத்தகமும் போட்டார்கள். தகப்பனார் ஜித்து நாராயணய்யா பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு அன்னி பெசன்ட் மேல் வழக்கே தொடுத்தார். பிள்ளைகள் திரும்பவில்லை. ஆல்சையோனி என்ற பெயர் தானாக உதிர்ந்தது, பின்னால் கிருஷ்ணாஜி ஆனார், கடைசியில் வெறும் 'கே'. தன்னைப் பற்றிப் பேசும்போதே அவர் கே என்றுதான் சொல்வாராம். அதற்கு மேல் வெட்ட ஒன்றுமில்லை.

சின்னதாக ஒரு பெயர் வைத்திருக்கலாம் என்று மருமகள் இப்போது சொல்கிறாள். வைத்தால் மட்டும்? உடுப்பூர் வேடர் தலைவன் நாகன், பிள்ளையைத் தூக்கினான், திண்ணென்று கனத்தது, திண்ணன் என்று வைத்தான். வெட்ட இடமே இல்லாத பெயர். காளத்தியில் பையன் கண்ணைப் பிடுங்கி அப்பினான். ஈசுவரன் அவனைக் கண்ணப்பன் ஆக்கிவிட்டார். நாகனையோ தத்தையையோ ஒரு வார்த்தை கேட்டதாகப் பெரியபுராணத்தில் இல்லை. 1976-இல் கிருஷ்ணம் ராஜுவை வைத்து பாபு எடுத்த படத்துக்கும் பக்த கண்ணப்பா என்றுதான் பெயர். திண்ணன் என்று போட்டிருந்தால் சித்தூரில் டிக்கெட் விற்றிருக்காது.