ஆப்பிள் சாப்பிட்டால் உடம்பு இளைக்குமா?



நம் தோட்டப்புறங்களில் ஆப்பிளுக்கு என்றைக்குமே ஒரு தனி மரியாதை உண்டு. வாழையும் பப்பாளியும் கொய்யாவும் கொல்லையில் காய்த்துக் கிடக்கும். அவற்றைக் காசு கொடுத்து வாங்குவார் இல்லை. ஆப்பிளோ கப்பலேறி வந்த பழம். மெல்லிய தாளில் சுற்றப்பட்டு, பட்டணத்துக் கடையில் கண்ணுக்கு நேராக அடுக்கப்பட்டிருக்கும். தீபாவளித் தாம்பாளத்திற்கு இரண்டு வாங்குவோம். மருத்துவமனையில் உறவினர் யாராவது படுத்திருந்தால் நான்கு வாங்கிப் போவோம். இப்படியே பழகிப் பழகி, ஆப்பிள் என்றால் உடம்பைத் தேற்றும் பழம் என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறிவிட்டது.

இன்று இரவுச் சந்தையில் ஆப்பிளைக் குவித்து வைத்துக் கூவி விற்கிறார்கள். வாங்குவோரின் நோக்கமும் மாறிவிட்டது. உடம்பைத் தேற்ற வாங்கிய காலம் போய், உடம்பைக் குறைக்க வாங்கும் காலம் வந்திருக்கிறது. பெற்றோர் கூட்டத்திற்கு வரும் தாய்மார்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டு முடித்ததும், “டீச்சர், தினமும் ஆப்பிள் சாப்பிட்டால் உடம்பு இறங்குமாமே, உண்மையா?” என்று மெதுவாகக் கேட்கிறார்கள். நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவள். மருத்துவம் படித்தவள் அல்லள். ஆனாலும் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை தேடிப் படிப்பது ஆசிரியர் தொழிலின் பழக்கம் அல்லவா? படித்ததையும் கண்ணால் கண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இது அழகு பற்றிய பேச்சு மட்டும் அன்று. 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் பாதிப் பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள் என்று தெரிய வந்தது. இனிப்பு நீர் உள்ளவர்கள் 18.3 விழுக்காடு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அந்த நோய். நம் லயத்தில் வீட்டுக்கு வீடு எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கு பொய்யில்லை என்பது உங்களுக்கே புரியும். கால் விரலை இழந்தவரையும், கண் மங்கியவரையும், வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவரையும் அறியாதவர் நம்மில் யார்?

எங்கள் தோட்டத்து அக்கா ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கித்தா மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். பின்னர் செம்பனைக் காட்டில் உரம் போட்டவர். வேலை நின்ற பிறகு உடம்பு ஏறிவிட்டது. எடை 86 கிலோ. பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர். “அடுத்த முறை வரும்போது சர்க்கரை இறங்கவில்லை என்றால் ஊசி போட வேண்டியிருக்கும்” என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். ஊசி என்ற சொல்லே அவரை நடுங்க வைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, ‘ஏழு நாள் ஆப்பிள் மட்டும் சாப்பிட்டால் ஏழு கிலோ குறையும்’ என்று கைப்பேசியில் யாரோ ஒரு செய்தியை அனுப்பிவிட்டார்கள். அக்கா தமது சேமிப்பிலிருந்து எடுத்து ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கி வந்தார்.

நான்காம் நாள் காலை. பேரனைப் பள்ளியில் விட வந்தவர், பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை, கை நடுங்கியது.

“என்னக்கா, உடம்புக்கு என்ன பண்ணுது?”

“ஒன்னுமில்லை டீச்சர். மூணு நாளா வெறும் ஆப்பிள்தான். தலை சுத்துது.”

“மாத்திரை?”

“அதை விடுவேனா? நேரத்துக்குப் போட்டுட்டேன்.”

விஷயம் அங்கேதான் இருந்தது. உடனே சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுத்தோம். சற்றுத் தெளிந்ததும் மகளை வரவழைத்துக் கிளினிக்குக்கு அனுப்பினோம். இனிப்பு நீர் மாத்திரைகளில் சில வகை, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டேதான் இருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று குறைத்துவிட்டு அந்த மாத்திரையை மட்டும் போட்டால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரும்; உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், கிளினிக்கில் கேட்காமல் சாப்பாட்டு முறையை மாற்றவே கூடாது.

சரி, ஆப்பிளில் என்னதான் இருக்கிறது? ஏறத்தாழ 180 கிராம் எடையுள்ள நடுத்தரமான ஒரு பழத்தில் 95 கலோரி. பழத்தின் எடையில் 85 விழுக்காட்டிற்கு மேல் தண்ணீர். தோலோடு சாப்பிட்டால் நாலரை கிராம் அளவு நார்ச்சத்து. இனிப்பும் இருக்கிறது; 18, 19 கிராம். புரதமோ அரை கிராம்தான். ஒரு நாளைக்கு ஆறு ஆப்பிள் தின்றாலும் மூன்று கிராம் புரதம் தேறாது. 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் அளவு தேவை. வெறும் ஆப்பிளில் நாளை ஓட்டினால் தசை கரையும், சோர்வு வரும். முதல் சில நாளில் தராசில் குறைவதும் பெரும்பாலும் உடம்பின் தண்ணீர்தான். சோறு தொட்டதும் அது திரும்பிவிடும்.

அப்படியானால் ஆப்பிளால் பயனே இல்லையா? நிச்சயமாக உண்டு. அதைத் தின்னும் முறையில் அந்தப் பயன் இருக்கிறது.

1977இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், சாறாகவும் வெவ்வேறு வேளைகளில் கொடுத்தார்கள். சாறு, முழுப் பழத்தைவிடப் பதினொரு மடங்கு வேகமாக உள்ளே போய்விட்டது. வயிறு நிறைந்த உணர்வோ மிகக் குறைவு. முழுப் பழத்தை மென்று தின்றபோதுதான் பசி நன்றாக அடங்கியது. கடைகளில் ஆப்பிள் ஜூஸ் என்று ஐஸ் போட்டு, சீனியும் சேர்த்துக் கொடுக்கிறார்களே, அதைக் குடித்துவிட்டு ‘பழம் சாப்பிட்டேன்’ என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை. பல்லுக்கு வேலை கொடுத்தால்தான் வயிற்றுக்குச் சேதி போகும்.

2009இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேறொரு சோதனை. பகல் உணவுக்குக் கால் மணி நேரம் முன்னதாக ஆப்பிள் துண்டுகளைத் தின்றவர்கள், அதன் பிறகு தாமாகவே குறைவாகச் சாப்பிட்டார்கள். தின்ற ஆப்பிளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், மொத்தக் கலோரி 15 விழுக்காடு குறைந்திருந்தது. சாறு குடித்தவர்களிடம் இந்தப் பலன் காணவில்லை. சாப்பிட்ட பின் பழம் என்பது நம் வழக்கம். எடை குறைய நினைப்பவர்கள் அந்த வரிசையை மாற்றிப் பார்க்கலாம்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஆப்பிளை எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறோம் என்பதே அது. காலையில் ரொட்டி சானாய் ஒன்று. ஏறத்தாழ 300 கலோரி. தேநீரில் இரண்டு மேசைக்கரண்டி டின்பால். அதிலேயே 120 கலோரிக்கு மேல். மாலையில் பீசாங் கோரெங், மறுபடியும் டின்பால் தேநீர். இவற்றில் ஒன்றையும் விடாமல், மேலுக்கு ஓர் ஆப்பிளும் தின்றால் என்ன ஆகும்? 95 கலோரி கூடும், அவ்வளவுதான். கழித்தல் செய்ய வேண்டிய இடத்தில் கூட்டல் செய்துவிட்டு விடை தவறிவிட்டது என்று வருந்தும் மாணவனைப் போலத்தான் நம்மில் பலர் இருக்கிறோம்.

அந்த அக்கா உடம்பு தேறி வந்ததும், என்னிடமிருந்த பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றில் ஒரு வாரம் முழுவதும் அவர் சாப்பிட்டதை எழுதி வைத்தோம். அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். அங்கே ‘சுக்கு சுக்கு செபாரோ’ தட்டைக் காட்டி விளக்கினார்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி, பாதித் தட்டுக்குக் காய்கறியும் பழமும். நம் சுகாதார அமைச்சு சொல்லிவரும் முறை இதுதான். மாத்திரையையும் அவர்களே மாற்றி அமைத்தார்கள். மாலைப் பலகாரத்துக்குப் பதில் ஒரு பழம்; தேநீர் ‘கோசோங்’; பகல் சோறு பாதி; பேரனோடு திடலைச் சுற்றி நடை. எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. ஏழு நாளில் ஏழு கிலோ என்ற கதை எங்கே, இது எங்கே! ஆனால் குறைந்த ஆறு கிலோ இன்றுவரை திரும்பவில்லை. ஊசிப் பேச்சும் இன்னும் வரவில்லை. நாளை வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லி வருகிறேன். தேவைப்படும்போது ஊசி போட்டுக்கொள்வது கண்ணையும் காலையும் காக்கத்தான்.

இனி, ஆப்பிள் வாங்கும் முறை. நிறத்தைக் கண்டு மயங்காதீர்கள். கையில் எடுத்தால் அளவுக்கேற்ற கனம் இருக்க வேண்டும்; விரலால் அழுத்தினால் குழியக் கூடாது; காம்பைச் சுற்றிச் சுருக்கமோ, தோலில் பழுப்புக் காயமோ இருக்கக் கூடாது. பெரிய பழமே நல்ல பழம் என்பதும் இல்லை. ஆளுக்கு ஒன்றாகச் சிறிய பழங்கள் போதும். பச்சை ஆப்பிளில் இனிப்பு சற்றுக் குறைவு. ஜப்பானில் உருவான ஃபூஜியில் சற்றுக் கூடுதல். ஆனால் அந்த வித்தியாசம் 100 கிராமுக்கு இரண்டு கிராம் அளவுதான். பச்சை ஆப்பிள் என்பதற்காக நான்கைந்து தின்னலாம் என்று எண்ணிவிடாதீர்கள். வாங்கியதைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே கிடந்தால் நம் ஊர் வெயிலுக்கு விரைவில் மாவாகிவிடும். வாழைப்பழத்தின் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஆப்பிளிலிருந்து வெளிவரும் வாயு வாழையைச் சீக்கிரம் பழுக்கவைத்துவிடும்.

‘தோலில் மெழுகு பூசியிருக்கிறார்கள், சீவிவிட வேண்டும்’ என்று பலர் சொல்கிறார்கள். பழம் வாடாமல் இருக்க மெல்லிய பூச்சு பூசுவது உண்மைதான். அரக்கிலிருந்தும், கார்னாவுபா என்ற ஒருவகைப் பனையோலையிலிருந்தும் எடுக்கப்படும், உண்ணத் தகுந்த பூச்சு அது. ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். தோலைச் சீவி எறிந்தால் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து குப்பைக்குப் போய்விடும். பல் இல்லாத பெரியவர்களுக்கு மட்டும் மெல்லியதாக நறுக்கிக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு நறுக்கி அனுப்பும்போது பழுப்பேறாமல் இருக்க, எலுமிச்சைச் சாறு சில துளி தடவலாம்.

கடைசியாக, ஆப்பிள் வாங்க வசதி இல்லையே என்று ஏங்கும் சகோதரிகளுக்கு ஒரு நல்ல சேதி. கொல்லைக் கொய்யாவை ஆப்பிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் ‘சி’ 5 மில்லிகிராம் கூட இல்லை; கொய்யாவிலோ 200 மில்லிகிராமுக்கு மேல். நார்ச்சத்தும் இரு மடங்கு. கலோரி மட்டும் சிறிது கூடுதல். பீடோர் பக்கம் போகும்போது சாலையோரக் கடைகளில் கொய்யாவை நறுக்கி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அசாம்போய்ப் பொடியை மட்டும் தொடாமல் விடுங்கள், அதில் உப்பும் சீனியும் இருக்கின்றன. நம் மண்ணில் விளைந்தது என்பதற்காகக் கொய்யாவின் மதிப்பு குறைந்துவிடாது.

அடுத்த முறை சந்தையில் பழத்தைக் கையில் எடுக்கும்போது, ‘இதைச் சாப்பிடும் வேளையில் நான் எதை விடப்போகிறேன்?’ என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை கிடைத்த பிறகு வாங்குங்கள். வீட்டில் இனிப்பு நீர் மாத்திரை போடும் பெரியவர்கள் இருந்தால், இந்தக் கட்டுரையை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். முக்கியமாக, மாத்திரையைப் பற்றிச் சொன்ன பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்.