சி.வி.யிடம் பாடியவர்கள்

மலையகத்தில் ஒருவரை வாத்தியார், பாட்டுக்காரர், சங்கத்து ஆள் என்று பிரித்து வைப்பது கஷ்டம். நான் படித்த தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே வாத்தியார். காலையில் பாடம். பின்னேரத்தில் லயத்துச் சனங்களுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுப்பார். திருவிழா நெருங்கினால் நாடகம் பழக்குவார்.

அந்த வரிசையில் நான் மிகவும் நேசிப்பவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் வட்டகொடை மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். ஹட்டனிலும் கொழும்பிலும் படித்தவர். ஆங்கிலத்தில் கவிதை எழுத வல்லவர். நினைத்திருந்தால் லயத்தின் பக்கமே திரும்பாமல் வாழ்ந்திருக்கலாம். ஆசிரியராக இருந்தார், தொழிற்சங்கத்துக்கு வந்தார், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் எம்.பி. ஆனார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவரைத் தேர்ந்தெடுத்த சனங்களை நாடற்றவர்களாக்கியது.

அவருடைய 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' கவிதையைப் பலரும் அறிவார்கள். சக்தி பாலையா அதைத் தமிழில் தந்தார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்'. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலையின் பாடுகளும் கங்காணி மீதான கோபமும் சேர்ந்த பாட்டுலகம் அது. கங்காணியை ஏசுகிற பாட்டை, நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்கும் அந்நியரிடம் எந்தப் பெண் பாடுவாள்? அது கங்காணியின் காதுக்கு எட்டினால் மறுநாள் அரைப்பேர்தான், பாதி நாள் கூலிதான் விழும். சங்க வேலையால் சி.வி.யின் எழுத்து குறைந்துபோனது என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. லயம் லயமாக ஏறி இறங்கி, அங்குள்ள சனங்களின் வழக்கைத் தன் வழக்காகப் பேசியவர் என்பதால்தான் அவரை நம்பிப் பாடினார்கள் என்று நினைக்கிறேன்.

அவருக்கு முன்பே, தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடியிருக்கிறார். சனங்களுக்குப் பழக்கமான மெட்டு, வரிகள் அவருடையவை. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அன்றைய அரசியல் அப்படிப் பாட்டாகவே போய்ச் சேர்ந்தது. அதுவும் பாடம்தான்.

1984இல் சி.வி. காலமானார். தோட்டப் பாடசாலைகள் இன்று அரசாங்கத்தின் கையில் இருக்கின்றன. ஆசிரியர்களில் பலர் லயத்தில் பிறந்து பட்டம் பெற்றவர்கள். நாடகமும் அரங்கியலும் உயர்தரத்துக்கு ஒரு பாடம். ஆனாலும் மாசியில் காமன் கூத்துக்கு ரதி வேஷம் கட்டுகிற பையனிடம் "படிப்பு கெட்டுப்போகும்" என்று சொல்லும் ஆசிரியர்களைப் பார்க்கிறேன், மனம் நோகிறது. அந்தப் பையனுக்கு அடவும் பாட்டும் பழக்கிய பெரியவரையும் தப்படிக்கிற ஐயாவையும் வகுப்பறைக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் பாடுவதை எழுதியும் வையுங்கள். பாட்டைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.