சட்டமும் பலகையும்



பங்குக் குருவானவர் ஒருவர், காலைத் திருப்பலி முடிந்த கையோடு அறைக்குள் புகுந்து, சிறு வாளும் அரமும் பசையுமாக மரச் சீவல்களோடு மல்லாடிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டால் நீங்கள் நகைப்பீர்கள். எங்கள் பங்கு மக்களும் நகைக்கத்தான் செய்தார்கள். "ஐம்பதைத் தாண்டியபின் சாமிக்கு விளையாட்டுப் பருவம் திரும்பிவிட்டது" என்று உபதேசியார் சொன்னதாக என் காதுக்கும் எட்டியது. அவர் சொன்னதில் பிழையில்லை. ஆயினும் அந்த விளையாட்டு எனக்குப் புகட்டிய பாடம் விளையாட்டானதன்று. அதை மறைத்து வைப்பது முறையாகாது என்று மனச்சான்று இடித்துரைப்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது கடற்கரைப் பங்கு. ஜூன் 29-ஆம் நாள், புனித இராயப்பர், சின்னப்பர் திருவிழா, எங்களுக்குப் பெருநாள். உயிர்ப்பு விழா முடிந்த ஒரு ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, "சாமி, இராயப்பர் வைத்திருந்தது வள்ளமா, கட்டுமரமா?" என்று கேட்டான். இரண்டுமில்லை என்றேன். "பின் எப்படி இருந்தது?" என்று அவன் விடவில்லை. சொல்லி விளக்குவதைவிடச் செய்து காட்டுவது நலம் என்று எண்ணி, "திருவிழாவுக்குள் பார்க்கலாம்" என்று வாக்களித்துவிட்டேன்.

வாக்களிக்கத் துணிவு தந்தது 1986-ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சி. அவ்வாண்டு மழை பொய்த்துக் கலிலேயாக் கடலின் நீர் வெகுவாக உள்வாங்கியிருந்தது. கின்னோசார் என்னும் இடத்தில், மீன்பிடிக்கும் சகோதரர் இருவர் சேற்றிலே புதைந்து கிடந்த ஒரு படகின் விளிம்பைக் கண்டார்கள். ஆய்வாளர் வந்து பார்க்க, அது நம் ஆண்டவர் வாழ்ந்த நூற்றாண்டைச் சார்ந்தது என்று தெரியவந்தது. இரண்டாயிரம் ஆண்டு ஊறிய மரம், தொட்டால் சிதையும் நிலையில் இருந்தது. ஆகவே அதை நுரைப்பொருளால் பொதிந்து, ஏரி நீரிலேயே மீண்டும் மிதக்கவிட்டுக் கரைசேர்த்தார்கள். அப்படகு இன்று அங்குள்ள காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் சற்றேறக்குறைய 8.2 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். இயேசு ஏறிய படகு அதுதான் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் அவர் கண்ட படகுகள் அத்தகையனவே என்று சொல்லலாம்.

என் உள்ளத்தைத் தொட்டது அதன் வறுமை. பலகைகளில் பெரும்பாலானவை கேதுரு. உட்சட்டங்களில் பல கருவாலி. ஆனால் ஒட்டுப்போட்ட இடங்களையும் சேர்த்து எண்ணினால் பத்துப் பன்னிரண்டு வகை மரங்கள். பழைய படகிலிருந்து கழற்றிய பலகைகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. கையில் கிடைத்ததையெல்லாம் வீணாக்காமல் இணைத்த ஏழைத் தச்சனின் வேலை அது.

பத்தில் ஒரு பங்கு அளவில், 82 செ.மீ. நீளத்தில், அதைச் செய்யத் தொடங்கினேன். குருமடத்தில் கற்றிருந்த சிறிது தச்சுவேலை கைகொடுக்கும் என்பது என் நம்பிக்கை. முதலில் ஏரா எனப்படும் அடிமரம். அதன்மேல் முதுகெலும்பில் விலாவெலும்புகளைப் போல வரிசையாகச் சட்டங்கள். அச்சட்டங்களின்மேல் இருபுறமும் பலகைகள். தேக்கில் 8 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள சீவல்கள் அறுத்து வாங்கினேன். ஒட்டு மரத்தில் சட்டங்களை அச்சுப் பிசகாமல் வெட்டி, செங்கோணம் பார்த்து நிறுத்தினேன். பார்த்தவர்கள் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பெருமை நெடுநாள் நிலைக்கவில்லை. படகின் நடுப்பகுதியில் பலகை பணிவோடு படிந்தது. அணியம் என்னும் முன்பக்கம் வந்தவுடன் முரண்டு பிடித்தது. அங்கே படகின் உடல் குறுகி, வளைந்து, திருகிச் செல்கிறது. முதற்பலகை எழும்பி நின்றது. ஆணியால் அடக்கினேன். மறுநாள் பசை விட்டிருந்தது. இரண்டாவது பலகையை இன்னும் அழுத்தினேன். "மடக்" என்ற ஓசையோடு முறிந்தது. மூன்றாவதும் அதே சட்டத்தருகில் அதே இடத்தில் முறிந்தது. மரம் சரியில்லை என்று முடிவு செய்து வேறு மரம் வாங்கினேன். அதுவும் முறிந்தது.

எங்கள் ஊரில் ஓடாவியார் ஒருவர் இருக்கிறார். சில நூறு டன் சரக்கு ஏற்றும் தூத்துக்குடித் தோணிகளுக்குப் பலகை அடித்த கை. அவரிடம் கேட்டால் தீர்ந்துவிடும். ஆனால் அவரிடம் போகத்தான் என் கால்கள் கூசின. அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

இரண்டாண்டுகளுக்கு முன் அவருடைய மகன் என்னிடம் வந்து, வேறு சமயத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணைத் தான் மணக்க விரும்புவதாகச் சொன்னான். நான் ஏட்டிலிருந்து தலைநிமிராமலே, "அந்தப் பெண் முதலில் ஞானஸ்நானம் பெறட்டும், பிறகு வா" என்று அனுப்பிவிட்டேன். அப்பெண்ணின் வீட்டார் அதற்கு இசையவில்லை. இருவரும் பதிவாளர் அலுவலகத்தில் மணம் செய்துகொண்டார்கள். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில், பலர் முன்னிலையில், "தம் வீட்டை ஒழுங்குபடுத்தத் தெரியாதவர் பங்குக் காரியம் பேச வேண்டாம்" என்று நான் அந்த முதியவரைச் சொன்னேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்று முதல் ஞாயிறுதோறும் நான்கு கிலோமீட்டர் நடந்து அடுத்த பங்கிலே திருப்பலி கண்டுவந்தார்.

முறிந்த படகைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு மாலை அவர் வீட்டுக்குச் சென்றேன். அவர் எழுந்து நின்றார். "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்றார். திண்ணையில் நாற்காலி எடுத்துப் போட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் துணியை விரித்தேன். அவர் படகைக் கையிலெடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, சட்டங்களின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"பலகையைக் குத்தம் சொல்லாதீங்க, சாமி. பலகை நல்ல பலகை. சட்டந்தான் கூரா நிக்குது."

"செங்கோணம் பார்த்துத்தானே வெட்டினேன், ஓடாவியார்?"

"அதுதான் தப்பு. நடுவுல செங்கோணம் சரி. அணியத்துல பலகை சாஞ்சு வருது. சட்டத்தோட விளிம்பையும் அது வர்ற சாய்வுக்குச் சீவணும். இல்லேன்னா பலகை அந்த முனையிலே முட்டி, அங்கேயே ஒடியும்."

தம் அரத்தை எடுத்து ஒரு சட்டத்தின் விளிம்பைச் சீவிக் காட்டினார். சட்டம் அகலவில்லை, உருவம் மாறவில்லை, அதன் முனை மட்டும் பலகையை நோக்கிச் சற்றே சாய்ந்தது. ஒரு சீவலை வைத்துப் பார்த்தோம். முழு அகலத்திலும் படிந்து உட்கார்ந்தது.

பின்னர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். உலர்ந்த மரத்தை வளைக்க முயலலாகாது. அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, சூடான குழாயில் மெல்லச் சுற்றி வளைக்க வேண்டும். ஒரு புறத்தையே அடுக்கிக்கொண்டு போனால் ஏரா கோணிவிடும். இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது அளவு. ஒரு காகிதப் பட்டையைச் சட்டத்தின்மேல் ஒட்டிப் பிடித்து அளக்கச் சொன்னார். நடுச்சட்டத்தில் ஒரு புறம் 19 செ.மீ. இருந்தது, பக்கத்துக்கு 24 பலகை தேவை. அணியத்திலோ 11 செ.மீ.தான். அதே 24 பலகையும் அங்கும் இடம்பெற வேண்டுமானால், ஒவ்வொன்றும் நான்கரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒடுங்கியாக வேண்டும். "ஒரு பலகை ஒடுங்க மாட்டேன்னா அடுத்தது மேல ஏறிக்கும்; அது ஏறினா அதுக்கடுத்ததும் ஏறும். பாதிக்கு மேல ஒடுக்கவும் கூடாது, பலகை பலமத்துப் போகும்" என்றார்.

அவர் மரத்தைப் பற்றியே பேசினார். வேறு எதையும் குறித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 'சட்டந்தான் கூரா நிக்குது' என்ற சொல் மீண்டும் மீண்டும் வந்து இடித்தது. நம் தமிழில் மரச் சட்டத்துக்கும் திருச்சபைச் சட்டத்துக்கும் ஒரே சொல்தானே!

எழுந்து திருச்சபைச் சட்டத் தொகுப்பைத் திறந்தேன். எனக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை. குருமடத்திலே படித்துத் தேறியதுதான். ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் மணப்பதற்குத் தடை உண்டு. ஆனால் அத்தடைக்கு ஆயர் விலக்கு அளிக்கலாம். கத்தோலிக்கத் தரப்பினர் தம் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் தந்து வளர்க்கத் தம்மாலான யாவும் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும். மற்றவர் அதை அறிந்திருக்க வேண்டும். அவரை மதம் மாறும்படி சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 1983-ஆம் ஆண்டின் தொகுப்பில் இது தெளிவாக இருக்கிறது. விளிம்பைச் சீவும் அரத்தையும் திருச்சபை என் கையில் தந்திருந்தது. நான்தான் அதை எடுக்கவில்லை. இளைஞன் என் எதிரில் நின்ற அந்த ஐந்து நிமிடத்தில் நான் தலைநிமிர்ந்திருந்தால், ஒரு விண்ணப்பத்தோடு முடிந்திருக்கும். பலகை முறிந்தபின், மரம் சரியில்லை என்று தந்தையையும் பழித்தேன்.

மறுநாள் காலை மீண்டும் சென்றேன். இம்முறை படகை எடுத்துச் செல்லவில்லை. "ஓடாவியார், உங்கள் மகன் என்னிடம் வந்தபோது நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை. உங்களைச் சபையில் சொன்னது, சொல்லக்கூடாத சொல். என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கஞ்சி ஆறிடும். உள்ள வாங்க, சாமி" என்றார்.

அதன்பின் பலகை அடைப்பு வேலை அவர் வீட்டிலேதான் நடந்தது. ஒரு நாளைக்கு இருபுறமும் இரண்டிரண்டு பலகைகளுக்கு மேல் அவர் விடமாட்டார். துணி காயப்போடும் கிளிப்புகளும் ரப்பர் வளையங்களும் கவ்விப் பிடித்திருக்க, பசை உலரும்வரை நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். கலிலேயாப் படகின் செய்தியை ஒரு நாள் அவருக்குச் சொன்னேன். அக்காலத்தார் சட்டத்தை முதலில் நிறுத்தவில்லை. பலகையோடு பலகையை விளிம்பில் துளையிட்டு, மரநாக்குச் செருகி, முளையடித்து இணைத்து, படகின் உருவம் வந்தபிறகே உள்ளே சட்டங்களை வைத்தார்கள் என்றேன். அவர் வியந்து, "அப்ப பலகைகள் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டே நின்னிருக்கு, சட்டம் அதைத் தாங்க வந்திருக்கு" என்றார். சட்டமில்லாத படகு முதல் அலைக்கே நெளிந்துவிடும் என்பதில் எங்கள் இருவருக்கும் ஐயமில்லை. ஆனால் சட்டம் எதற்காக என்பதை அந்தக் கலிலேயாத் தச்சன் எனக்கு நினைவூட்டினான்.

இறுதிப் பலகைதான் எல்லாவற்றிலும் கடினமானது. எவ்வளவு கணக்கிட்டு வந்தாலும் எஞ்சிய இடைவெளி கணக்கின்படி அமைவதில்லை. அதற்கென்று அளந்து, ஓர் இழை சீவி, வைத்துப் பார்த்து, மீண்டும் ஓர் இழை சீவி, அந்த இடத்துக்கென்றே ஒரு பலகை செய்தாக வேண்டும். மூன்று நாள் ஆயிற்று.

திருவிழாவன்று படகைப் பீடத்தின் அருகில் வைத்தோம். கேள்வி கேட்ட சிறுவன் சுற்றிச் சுற்றி வந்து, "இவ்வளவு ஒட்டுப் பலகையா!" என்றான். அன்றைய மறையுரையில் புனித சின்னப்பரின் கப்பற்சேதத்தைச் சொன்னேன். அப்போஸ்தலர் பணி நூலில் அந்தக் கப்பலில் 276 பேர் இருந்ததாகப் படிக்கிறோம். மால்த்தா கரையருகே கப்பல் உடைந்தது, நீந்தத் தெரியாதவர்கள் பலகைகளையும் கப்பலின் துண்டுகளையும் பற்றிக்கொண்டு கரையேறினார்கள், ஒருவரும் அழியவில்லை. உடைந்த பலகையும் ஓர் உயிரைக் கரைசேர்க்கும் என்றால், நான் எந்தப் பலகையைத் தூக்கி எறியலாம்?

ஓடாவியார் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் வாயிற்படியருகே, மனைவியோடும் கைக்குழந்தையோடும் நின்றான். விண்ணப்பத்தை ஆயரகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மருமகள் இன்னும் என்னிடம் பேசத் தயங்குகிறாள். அவளை நான் அவசரப்படுத்தவில்லை. ஊறவேண்டிய நேரம் ஊறத்தான் வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் இல்லத்திலும் சட்டங்கள் இருக்கும், இருக்கவும் வேண்டும். மாலை செபம், படிப்பு, பெரியோருக்கு மரியாதை ஆகிய இவையின்றிக் குடும்பம் உருவம் பெறாது. ஆனால் மகனோ மருமகளோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப முறிந்தால், மரத்தைப் பழிக்குமுன் சட்டத்தின் விளிம்பை ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள். தச்சரின் இல்லத்தில் வளர்ந்த நம் ஆண்டவரும், அவரை வளர்த்த சூசையப்பரும் உங்கள் கைகளுக்குப் பொறுமை தருவார்களாக.