கூந்தன்குளம்: அண்மையும் சேய்மையும்

1

ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள நாரைகள் ஒரு வீட்டுக் கொல்லையில் நிற்கும் புளியமரத்தில் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்துக் குடும்பம் நடத்த, அம்மரத்தின் நிழலிலேயே அவ்வீட்டு ஆச்சி அமர்ந்து பாத்திரம் துலக்க, அவை அவரைக் கண்டு அஞ்சாமலும், அவர் அவற்றை ஏறெடுத்துப் பாராமலும் தத்தம் காரியத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் காட்சியைக் கூந்தன்குளத்தில் கண்டபோது எனக்கு உண்டான ஆச்சரியம் இன்னும் அடங்கவில்லை. மனிதன் அருகே வந்தால் பறவை பறந்துவிடும் என்பதை நாம் ஓர் இயற்கை விதியாகவே கொண்டிருக்கிறோம். நம்முடைய நடத்தையைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்த பறவைகள் நமக்கு அளித்த தீர்ப்பே அது என்று இச்சிற்றூரில் நிற்கும்போது தெரிகிறது.

திருநெல்வேலியிலிருந்து தெற்கே சுமார் 38 கி.மீ. தூரத்தில், நாங்குநேரி வட்டத்தில் உள்ளது கூந்தன்குளம். மூலைக்கரைப்பட்டி வரையில் பேருந்துப் பிரயாணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அங்கிருந்து ஓர் ஆட்டோவை வாடகை பேசி அமர்த்திக்கொண்டேன். ஊர் வந்து சேர்ந்து, பையைக் கீழே இறக்கியதும், பேசிய தொகையைப்போல் இரண்டு மடங்கு வேண்டுமென்று ஓட்டுநர் கையை நீட்டினார். திரும்பிப் போகையில் வெறும் வண்டியாய்ப் போகவேண்டும், வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கொடுக்கிறார்கள், பறவை பார்க்கப் பணம் செலவழிப்பவர்களுக்கு இது ஒரு தொகையா என்று அவர் அடுக்கிய நியாயங்களுள் கடைசி நியாயந்தான் என்னை மிகவும் புண்படுத்தியது. ஏழையின் கூலியைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் பேசிய சொல்லை வழியில் எங்கோ இறக்கிவிட்டு வந்து, புது விலை சொல்லும் வழக்கம் நம் நாட்டில் யாத்திரிகர்கள் போகுமிடமெல்லாம் வேரூன்றி வருவதைப் பொறுத்துக்கொள்வது தருமமாகாது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் குரல் உயர்ந்ததைக் கேட்டு, தோளில் துண்டுடன் ஒரு பெரியவர் திண்ணையிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏலே, என்ன பேசிக் கூட்டிட்டு வந்தியோ அதை வாங்கிட்டுப் போ. சத்தம் போடாத. மரத்துல குஞ்சு இருக்குல்லா?" என்றார்.

ஓட்டுநர் மறுபேச்சின்றிப் பேசிய பணத்தைப் பெற்றுக்கொண்டு போய்விட்டார். பெரியவர் நியாயத்தைச் சொன்ன அதே மூச்சில் குஞ்சுகளையும் சொன்னாரே, அதுவே இவ்வூரின் சுபாவத்தை அறிய எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு.

"வெயில்ல நிக்காதீங்க தம்பி. மாடிக்கு வாங்க, கூடு கண்ணுக்கு நேரா இருக்கும்" என்று அவர் என்னைத் தம் வீட்டு மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றார்.

சற்று முன்பு சாலையிலிருந்து பார்த்தபோது, ஊரின் வேம்புகளும் புளியமரங்களும் பருத்தி வெடித்தாற்போல் வெள்ளை வெள்ளையாய்த் தோன்றின. அசைவில்லை, ஓசையில்லை. பட்சிகளுக்குக் கவலை ஏது என்று சொல்லத் தூண்டும் சாந்தமான காட்சி அது. மாடியில், கைநீட்டினால் எட்டிவிடுமோ என்று ஐயுறும்படியான அண்மையில், அந்த வெண்மை முழுவதும் உழைப்பாகவும் பசியாகவும் பூசலாகவும் பிரிந்துவிட்டது. சங்குவளை நாரை வளர்ந்தபின் குரலற்ற பறவை. அலகை அலகோடு தட்டி ஒலியெழுப்புவதல்லாமல் அதற்கு வேறு பாஷையில்லை. அதன் குஞ்சுகளோ ஓயாமல் இரைச்சலிடுகின்றன. குளத்திலிருந்து தாயோ தகப்பனோ வந்து இறங்கியதும், அலகைக் கவ்வி இழுத்து, கழுத்தை நீட்டி, அவை செய்யும் ஆரவாரத்துக்கிடையே, தொண்டைக்குள் கொண்டுவந்த மீன்களை அது கூட்டின் தரையில் கக்குகிறது. மூத்த குஞ்சுகள் முந்திக்கொள்கின்றன. கடைசியில் பொரித்த சிறியது முண்டியும் மோதியும் பார்த்துவிட்டு, எஞ்சியதைப் பொறுக்குகிறது. எஞ்சாத வேளைகளும் உண்டு.

பக்கத்துக் கிளையில் கூடு கட்டிக்கொண்டிருந்த ஒரு ஜோடி, இந்தக் கூட்டில் காவல் சற்றுத் தளர்ந்த சமயம் பார்த்து ஒரு குச்சியை உருவிக்கொண்டு போயிற்று. உடைமையாளர் திரும்பி வந்து அலகைப் படபடவென்று தட்டியதோடு வழக்கு முடிந்தது.

நான் நெடுநேரம் கண் வாங்காமல் பார்த்தது வேறொன்று. உச்சிவெயில் ஏறியதும், கூட்டின் விளிம்பில் நின்ற பெரிய நாரை, தன் இரு சிறகுகளையும் பாதி விரித்துக் குஞ்சுகளின்மேல் நிழல் விழும்படி நின்றது. உறங்கவில்லை, உண்ணவில்லை, இறகு கோதவில்லை. கதிரவன் நகர நகர, நிழல் குஞ்சுகளை விட்டு விலகத் தொடங்கும்போதெல்லாம், அது காலை மாற்றி வைத்து, முதுகை வெயிலுக்குத் திருப்பி, நிழலை மறுபடியும் உரிய இடத்திற்குக் கொண்டுவந்தது. குஞ்சுகள் அந்த நிழலில் சுகமாகக் கண்மூடிக் கிடந்தன. குடைபிடிப்பதை அவை அறிந்ததாகத் தெரியவில்லை. என் இளமையில் என்மேல் விழுந்த நிழல்கள் யார் யாருடைய முதுகுகளில் வெயிலாக விழுந்திருக்கும் என்று எண்ணியபோது, நான் எழுதாமல் விட்ட கடிதங்கள் பல நினைவுக்கு வந்தன.

2

மாடியைவிட்டு இறங்கியதும் ஆச்சி இலை போட்டுவிட்டார். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, முருங்கைக்கீரைத் துவட்டல், சுட்ட அப்பளம், மோர். உண்ண உட்கார்ந்த பிறகுதான் அந்த வீடு முழுவதும் நிறைந்திருந்த வாடை என் நாசியைத் தாக்கிற்று. அழுகிய மீனும் எச்சமும் ஈரமண்ணும் கலந்த அந்த வீச்சத்தை வெயில் இன்னும் உக்கிரமாக்கியிருந்தது. முதல் கவளத்தை எடுக்கக் கை தயங்கியதை ஆச்சி கவனித்துவிட்டார்.

"பிள்ளை பெத்த வீட்டுல வாடை இருக்கத்தான செய்யும் ஐயா. மூணு நாலு மாசம் பொறுத்துக்கிட்டா எல்லாம் பறந்து போயிரும். அதுக்குப் பெறகு மரம் வெறிச்சோடிக் கெடக்கும் பாருங்க, அதைத்தான் பாக்க முடியாது" என்றார்.

நான் சுத்தத்தில் கண்டிப்பானவன். சாப்பிடும் இடத்தில் ஈ மொய்த்தால் எழுந்துவிடுபவன். ஆயினும் அந்தச் சொல்லைக் கேட்டபின் குழம்பை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் கொடியில் துணி உலர்த்த இடம் தேடுகிறார்கள். கொல்லைத் தரையை நாள்தோறும் பெருக்கிக் கழுவுகிறார்கள். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை நாயும் பூனையும் கவ்வாமல் எடுத்துக் காப்பாற்றி, வனத்துறையாரிடம் சேர்ப்பிக்கிறார்கள். தீபாவளிக்கு இவ்வூர்ப் பிள்ளைகள் வெடி வெடிப்பதில்லை. ஒரு பிள்ளையைத் தீபாவளியன்று வெடியில்லாமல் சமாதானப்படுத்துவது எவ்வளவு சிரமமென்று வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரியும். ஊர் முழுவதும் அதை ஆண்டுதோறும் செய்துவருகிறது. பறவைகளிடம் பிரியம் என்று நகரத்திலிருந்து சொல்லிக்கொள்ளும் நம் போன்றோரின் பிரியத்துக்கு நாற்றம் கிடையாது, சலவைச் செலவு கிடையாது. ஆகையால் அது எளிதாகப் பெருகுகிறது. இந்த ஆச்சியின் பிரியம் தினந்தோறும் துடைப்பத்தைக் கையில் எடுக்கிறது.

இதற்குப் பிரதிபலனும் உண்டென்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. எச்சம் கலந்த குளத்து நீரும், கோடையில் நீர் வற்றியபின் அள்ளும் வண்டலும் வயலுக்கு நல்ல எரு. ஆயினும் அந்த ஆதாயம் குளத்து நீர் பாயும் நிலமுடையவனுக்குத்தானே? நிலமில்லாத வீடுகளின் மரங்களிலும் கூடுகள் இருக்கின்றன. அவற்றையும் எவரும் கலைப்பதில்லை.

சாப்பாட்டுக்குப் பணம் கொடுக்க முயன்றேன். பெரியவரின் முகம் வாடிவிட்டது. அதன்பின் அப்பேச்சை எடுக்கவில்லை.

மாலையில் குளக்கரைக்குப் போனோம். சுமார் 129 ஹெக்டேர் பரப்புள்ள இச்சரணாலயத்தை அரசாங்கம் 1994-ல் அறிவித்தது. பின்னர் ராம்சர் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் வரிசையிலும் இது சேர்ந்தது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இவ்வூர்க் கூழைக்கடாக்களைப் பற்றிய குறிப்பொன்று பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்திருக்கிறது. காகிதத்தில் காவல் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே ஊரார் காவலுக்கு வந்துவிட்டார்கள்.

ஊருக்குள் எல்லாம் அண்மையென்றால், குளத்தில் எல்லாம் சேய்மை. கரையில் நின்று பார்த்தபோது நீர்ப்பரப்பின் நடுவே இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும் தெரிந்தது. பைனாகுலரில் அது பூநாரைக் கூட்டமாயிற்று. தலையைத் தலைகீழாக நீருக்குள் கவிழ்த்து, சேற்றுநீரை அலகினால் அரித்து, அதிலுள்ள பாசியையும் சிற்றுயிர்களையும் உண்கின்றன. அந்த உணவிலுள்ள நிறமியே அவற்றின் இறகுக்குச் செம்மையைத் தருகிறது. கூடுகட்ட அவை இங்கே தங்குவதில்லை; இந்தியாவில் அவை பெருங்கூட்டமாக இனம் பெருக்கும் இடம் கட்சு ரண் பிரதேசத்து உப்புச் சேறு.

அப்பால், கரையோரப் புல்லில், சாம்பல் நிற வாத்துகள் ஒரு கூட்டமாய் அமர்ந்திருந்தன. வெண்மையான தலையின் பின்புறத்தில் இரண்டு கரிய பட்டைகள். வரித்தலை வாத்து அது. திபெத்து, மங்கோலியா முதலிய மத்திய ஆசியப் பீடபூமிகளின் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்கு இமயமலையைக் கடந்து இந்தியாவுக்கு வரும் பறவை.

"இதுக ராத்திரி வயல்ல வந்து மேயும், கொஞ்சம் நட்டந்தான்" என்று பெரியவர் சொன்னார். சொன்ன குரலில் புகாரில்லை.

இமயத்தைக் கடக்கும் பறவை என்றவுடன், சிகரங்களுக்கும் மேலே வானளாவ ஏறி, நூல் பிடித்தாற்போல் நேரே பறந்து வருவதாகத்தான் நம் கற்பனை ஓடுகிறது. இவற்றின் உடலில் சிறு கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. ஏறத்தாழ 7,290 மீட்டர் உயரம் வரை ஒரு வாத்து பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்களாயினும், பெரும்பாலும் அவை அதைவிடத் தாழ்ந்தே பறக்கின்றன; மலை உயர்ந்தால் உயர்ந்து, பள்ளத்தாக்கு வந்தால் அதனுள் இறங்கி, மறுபடியும் அடுத்த மலைக்கு ஏறுகின்றன. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், அங்கேயே நிலைத்துப் பறக்கச் சிறகுக்கு ஆகும் சிரமம், இறங்கி ஏறும் சிரமத்தைவிட அதிகம் என்பது 2015-ல் வெளியான ஆராய்ச்சியின் முடிவு. அரும்பாடுபட்டு ஏறிய உயரத்தைத் தயக்கமின்றி விட்டுக்கொடுத்து, மறுபடியும் முதலிலிருந்து ஏறும் திடம், இரண்டு மூன்று கிலோ எடையுள்ள இந்தப் பறவைக்கு இருக்கிறது. ஒருமுறை எட்டிய பதவியையும் வருமானத்தையும் மதிப்பையும் ஓர் அங்குலமும் இழக்காமல் பிடித்துக்கொண்டு தொங்குவதிலேயே மூச்சு முட்டிப்போகும் நண்பர்கள் சிலரை அப்போது நினைத்துக்கொண்டேன். அவர்களை இக்கரைக்கு அழைத்து வந்து காட்டவேண்டும்.

சத்திமுத்தப் புலவர் தம் வறுமைச் செய்தியைச் சொல்லி அனுப்ப நாரையைத் தேர்ந்தது நாமறிந்ததே. அலகின் நிறத்தையும் வடிவத்தையும் அவ்வளவு திட்டமாகச் சொன்னவர் அருகில் நின்று பார்த்திருக்கவேண்டும். அது குமரித்துறைக்குப் போய் வடதிசைக்கு மீள்வதைச் சொன்னவர் ஆண்டுக்கணக்காக வானத்தையும் பார்த்திருக்கவேண்டும். பசியிலும் குளிரிலும் வாடிய மனிதருக்கு இரண்டுக்கும் கண் இருந்திருக்கிறது.

3

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைய விவரத்தை விஸ்தாரமாக எழுத எனக்கு உற்சாகமில்லை. காலை பத்து மணிக்குள் வண்டிகள் வந்து குவிந்தன. பலர் அமைதியாகப் பார்த்துச் சென்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் ஒரு கூட்டம் வண்டியின் பாட்டை நிறுத்தாமலே கரையில் சாப்பிட்டது. சாப்பிட்ட தாளையும் பிளாஸ்டிக் குப்பியையும் கரையிலேயே போட்டது. பூநாரைகள் பறந்தால் படம் நன்றாக வரும் என்று ஓர் இளைஞர் கையைத் தட்டிக் கூவினார். அரை வயிற்றுக்கு அரித்துத் தின்றுகொண்டிருக்கும் பறவையை ஒரு படத்துக்காக எழுப்புவது கொடுமை என்று அவரிடம் சொன்னேன். "வனத்துறை ஆளா நீங்க?" என்று கேட்டார். இல்லை என்றதும் மறுபடியும் தட்டினார். தீபாவளிக்கு வெடி வெடிக்காத பிள்ளைகள் இருவர் அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

குடிநீரைக் கையோடு கொண்டுபோவது நலம். தங்க விரும்புவோர் திருநெல்வேலிக்கே திரும்புவது சௌகரியம். மாசி, பங்குனி மாதங்களில் சென்றால் வலசைப் பறவைகளையும் கூட்டிலிருக்கும் குஞ்சுகளையும் ஒருங்கே காணலாம். இவ்வளவு போதும்.

புறப்படுமுன் பெரியவர் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. மாரியில் பெய்வதை மட்டும் நம்பினால் இந்தக் குளம் நிறையாது. மேற்கு மலைத்தொடரில் பெய்த மழை, 1958-ல் கட்டி முடித்த மணிமுத்தாறு அணையில் தேங்கி, கால்வாய் வழியே இங்கு வந்து சேரவேண்டும். தண்ணீர் வராத ஆண்டில் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் கூடு இல்லை. கூடு கட்டியபின் நீர் வற்றினாலோ குஞ்சுகள் பட்டினியால் சாகும்.

"பறவை வாரதுக்கு முன்னாடி குளத்துல தண்ணி நிக்கணும் தம்பி. வந்த பெறகு விட்டுப் பிரயோசனம் இல்ல. நீங்க எழுதுத ஆளுன்னா இதை எழுதுங்க" என்றார்.

கூந்தன்குளத்துக்கும் அதையடுத்த காடன்குளத்துக்கும் கார்த்திகை பிறப்பதற்குள் கால்வாயில் நீர் விடவேண்டும். அணையிலுள்ள நீரில் வயல்களுக்குப் பங்கு வகுக்கும்போதே இக்குளங்களின் பங்கையும் அதிகாரிகள் வகுத்துவிட்டால், ஆண்டுதோறும் ஊரார் மனு எழுதிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.